டாக்டர் ட்ரெலோரின் எட்டு நாள்

கலாராவில் ரேஸ் குதிரை வைத்திருக்கிற எவன் வீட்டுக்குப் போனாலும் லாயத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பச்சை அட்டை ஒட்டியிருக்கும். எந்த மருந்தை ரேஸுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிற பட்டியல் அது. ஐந்தாவது வரியில் கால் வீக்கத்துக்கு வாய் வழியாகக் கொடுக்கிற மஞ்சள் பசை. அதற்கு எதிரே 'எட்டு நாள்' என்று போட்டிருக்கும். அந்த எட்டைக் கண்டுபிடித்தவள் டாக்டர் ரோவெனா ட்ரெலோர். இருபது வருடமாக அந்த எட்டை யாரும் அசைத்துப் பார்த்ததில்லை. கலாரா இருக்கிற ஹன்டர் பள்ளத்தாக்கு முழுக்க பைபிளுக்கு அடுத்தபடி அதற்குத்தான் மரியாதை, பைபிளைத் திறக்காதவர்கள்கூட அட்டையைப் பார்ப்பார்கள்.

ரோவெனாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. படித்து முடித்ததும் முதல் பன்னிரண்டு வருடம் குதிரை வைத்தியம்தான். பனி கொட்டுகிற காலையில் தோள்வரை கையை உள்ளே விட்டு, முறுக்கிக்கொண்ட குடலைத் தேடிய கை அது. ஒரு தடவை அவள் கொடுத்த சரியான மருந்தில், சரியான அளவில், ஒரு பெட்டைக் குதிரை ஒன்பதே நாளில் வயிறெல்லாம் புண்ணாகிச் செத்துப்போனது. வேறொருத்தியாக இருந்தால் அழுதுவிட்டு அடுத்த குதிரையைப் பார்க்கக் கிளம்பியிருப்பாள். இவளும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே யோசித்தாள்: உள்ளே போகிற மருந்து அப்புறம் எங்கேதான் போகிறது? என்ன ஆகிறது? எப்போது வெளியே வருகிறது? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. நல்ல வரும்படி வந்துகொண்டிருந்த வைத்தியத்தை மூட்டை கட்டிவிட்டு, முப்பத்தேழு வயதில் மருந்தியல் படிக்கப் போய் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தில் கிறுக்கு என்றார்கள். கிறுக்குதான், வேறென்ன?

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஊருக்கு வெளியே பல்கலைக்கழகத்தின் குதிரை ஆய்வு மையத்தில், அவள் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு டெஸ் குவிக்லி வந்தார். எழுபத்திரண்டு வயது. ஆறு குதிரைகளை வைத்துக்கொண்டு ரேஸ் மைதானத்தின் பின்புறத்தில் காலம் தள்ளுகிற பயிற்சியாளர். கையில் பச்சை அட்டை. ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்த வேகத்தில் காந்தமும் அதோடு வந்திருந்தது.

"இந்தக் கணக்கு உங்களோடதுதானே டாக்டரம்மா?"

"என்னோடதுதான். உக்காருங்க டெஸ்."

"நான் உக்கார வரல. எட்டு நாள்னு போட்டிருக்கீங்க. எனக்குப் படிச்சவங்க மேல அவ்வளவா நம்பிக்கை கிடையாது. அதனால பதினோரு நாள் விட்டேன். பதினோரு நாள்! அப்புறம் எப்படி என் ஸ்பட்டோட மூத்திரத்துல அந்தக் கருமம் கிடந்துச்சு?"

ஸ்பட் என்பது குதிரை. பழுப்பு நிறம், காயடித்தது, கோப்பைப் பந்தயத்தில் ஒரு மூக்கு நீளத்தில் ஜெயித்திருந்தது. ஜெயித்த குதிரைக்கு மூத்திரப் பரிசோதனை உண்டு. அதில் மஞ்சள் பசை அளவுக்கு மேல் இருந்தது.

விஷயம் ரோவெனாவுக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமைதான் ரேஸ் விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். இரண்டே வரி. 'பதினோரு நாளுக்கு முன் கொடுத்த மருந்து இந்த அளவில் இருக்க வழியில்லை. ரேஸுக்கு மூன்று நாளைக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.' அதாவது டெஸ் பொய் சொல்கிறார். குழு அன்றைக்கே அதன் நகலை டெஸ்ஸுக்கும் அனுப்பியிருந்தது. விசாரணையில் அந்த இரண்டு வரிக்கு இரண்டு வருடத் தடை நிச்சயம். தடை வாங்கியவன் ரேஸ் குதிரை நிற்கிற எந்த இடத்திலும் கால் வைக்கக் கூடாது. டெஸ் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் லாயம். முன்கதவிலிருந்து எண்ணி இருபது அடியில் முதல் குதிரை. ஆகவே லைசென்ஸ் போனால் வீட்டில் படுக்கவும் முடியாது. நாற்பது வருடம் குடியிருந்த வீடு.

"தேதி மாறிப்போயிருக்கலாம் டெஸ். மனுஷங்க மறக்கறது சகஜம்தானே?" என்றாள்.

டெஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து மேஜையில் போட்டார். "என் கல்யாண நாளை மறப்பேன். குதிரைக்குக் கொடுத்ததை மறக்க மாட்டேன்."

"உங்க பொண்ணு ஜோடி கொடுத்திருக்கலாமா? உங்களுக்குத் தெரியாம?"

ஜோடிக்கு நாற்பது வயது. லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான்.

டெஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. "அதையும் கேட்டுத் தொலைச்சேன். உங்க காகிதத்தைப் படிச்சுட்டு, 'நீ கொடுத்தியா'ன்னு பெத்த பொண்ணையே கேட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் பேசினா பாருங்க, பேசாமலே இருந்திருக்கலாம்." கதவுவரை போய்த் திரும்பினார். "நான் கெஞ்ச வரல. திட்டணும்னு வந்தேன். திட்டக்கூட வரமாட்டேங்குது. போங்க!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. டைரியும் அட்டையும் மேஜையிலேயே கிடந்தன.

ரோவெனாவுக்கு எரிச்சலாக வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்பட்டின் பரிசோதனை அறிக்கையை எடுத்தாள். டைரியைத் தூக்கி எறிகிற அளவுக்கு ஒரு ஆளுக்குத் தைரியம் இருந்தால், பதிலுக்குத் தானும் ஒரு தடவை அறிக்கையைப் பார்ப்பது நியாயம் என்று தோன்றியது. முதல் வரி அவளுக்குத் தெரிந்ததுதான்: மருந்தின் அளவு. இரண்டாவது வரியில்தான் அவள் கண் நின்றது.

மருந்தை உடம்பு சும்மா விடுவதில்லை, உடைக்கும். அந்த உடைந்த மிச்சத்தின் அளவுதான் இரண்டாவது வரி. இதை விறகும் சாம்பலும் மாதிரி வைத்துக்கொள்ளலாம். இப்போதுதான் மூட்டிய அடுப்பு என்றால் விறகு நிறைய இருக்கும், சாம்பல் கொஞ்சம். நேற்று அணைந்த அடுப்பு என்றால் சாம்பல்தான் இருக்கும், அதுவும் காற்றில் பறந்தது போகக் கொஞ்சமாக. ஸ்பட்டின் மூத்திரத்தில் விறகு குறைவு, சாம்பல் மலைபோல. மூன்று நாளைக்குள் கொடுத்திருந்தால் இவ்வளவு சாம்பல் இருக்காது. பதினோரு நாள் ஆகியிருந்தால் எதுவுமே இவ்வளவு இருக்காது. இரண்டு கணக்கிலும் ஒட்டாத ஒரு அறிக்கை! வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டபோது இந்த வரியை அவள் பார்க்கவே இல்லை. முதல் வரி அளவைத் தாண்டியிருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டாள்.

"இது என்ன கூத்து?" என்று வாய்விட்டே கேட்டாள். அறையில் யாரும் இல்லை. எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பெட்டைக் குதிரை செத்த நாளில் பிடித்த அதே அரிப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. அது பிடித்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டெஸ்ஸின் லாயத்து வாசலில் அவள் கார் நின்றது. விசாரணைக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

ஜோடி கையில் முள்கரண்டியோடு வழியை மறித்தாள். வைக்கோல் அள்ளுகிற முள்கரண்டிதான். ஆனால் அவள் பிடித்திருந்த விதம் வேறு.

"என்ன டாக், நேர்லயே பார்த்து முடிவு பண்ணலாம்னு வந்தீங்களா, நான்தான் கொடுத்தேன்னு?"

"நீங்க கொடுக்கலைன்னா வேற எப்படி உள்ளே போச்சுன்னு பார்க்க வந்தேன்."

"அதைக் காகிதத்துல எழுதறதுக்கு முன்னாடி பார்த்திருக்கலாமே?"

"பார்த்திருக்கணும். பார்க்கல," என்றாள் ரோவெனா. ஜோடி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முள்கரண்டியைத் தாழ்த்தினாள்.

ரோவெனா முதலில் வாளிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு குதிரைக்கும் தனி வாளி, மேலே பெயின்டில் பெயர். வேறொரு குதிரையின் மருந்து கலந்திருக்குமோ என்றால், அந்த மாதம் ஸ்பட்டைத் தவிர எதற்கும் மஞ்சள் பசை கொடுக்கவில்லை. ஜோடியின் கையில் ஒட்டியிருந்து போயிருக்குமோ? பசை கொடுக்கும்போது அவள் போடுகிற ரப்பர் கையுறையைக் காட்டினாள். ஜோடிக்கே முதுகுவலி, அதே மருந்தை மாத்திரையாகப் போடுகிறாளா?

"என் முதுகுக்கு நான் போடறது பியர் மட்டும்தான்," என்றாள் ஜோடி. "வேணும்னா அதையும் எழுதிக்கோங்க."

தண்ணீர்த் தொட்டி, உப்புக்கட்டி, கடிவாளம், தீவன மூட்டை. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. ஏழரை மணிக்கு ரோவெனா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஓட்டப் பயிற்சி முடிந்து டெஸ் ஸ்பட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரோவெனாவைப் பார்த்தும் பார்க்காதவர்போல் குதிரையை அதன் அறைக்குள் விட்டார். உதட்டைக் குவித்து நீளமாக, மெதுவாக ஒரு சீழ்க்கை அடித்தார்.

அந்தப் பக்கம் எல்லாக் குதிரைக்காரனும் அடிப்பான். குட்டியாக இருக்கும்போதே பழக்கிவிடுவார்கள். பயிற்சி முடிந்து அறைக்குள் வந்ததும் சீழ்க்கை, உடனே மூத்திரம். ஜெயித்த குதிரையிடம் பரிசோதனைக்குப் பிடிப்பதும் இப்படித்தான். ஸ்பட் பின்னங்காலை அகட்டி, உடம்பை நீட்டி, வடக்கு மூலை வைக்கோலில் பெய்தது. ரோவெனா ஆயிரம் தடவை பார்த்த காட்சி. பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

பெய்து முடித்ததும் ஸ்பட் திரும்பியது. அதே மூலையில்தான் காய்ந்த புல் வலை தொங்கியது. வலையிலிருந்து ஒரு வாய் இழுத்தது, பாதி கீழே சிந்தியது. சிந்தியதைக் குனிந்து பொறுக்கியது. பொறுக்கியபடியே அடியிலிருந்த வைக்கோலையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றது.

ரோவெனாவின் கொட்டாவி பாதியிலேயே நின்றது.

"அது என்ன சாப்பிடுது?"

"அவனா? பன்னிப்பய அவன்," என்றாள் ஜோடி. "வலையில புல்லு இருக்கும்போதே படுக்கையைத் தின்பான்."

"ஈர வைக்கோலையா?"

"உப்பா இருக்குல்ல, அதுல ஒரு ருசி அவனுக்கு."

ரோவெனா எழுந்து அறைக்குள் போனாள். மண்டியிட்டு, அந்த மூலையில் கையை விட்டாள். மேலே இரண்டு அங்குலம் புது வைக்கோல், பொன் நிறம். அதற்குக் கீழே முழங்கைவரை போயும் தரை தட்டவில்லை. கறுத்து, ஊறி, சூடாக இருந்தது. அம்மோனியா நெடியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"டெஸ், இந்தப் படுக்கையை எப்ப மாத்தினீங்க?"

டெஸ்ஸுக்குச் சுருக்கென்றது. "என் லாயம் அழுக்குன்னு சொல்றீங்களா?"

"அய்யோ, இல்ல. எப்ப மாத்தினீங்க, சொல்லுங்க."

"லத்தியை தினம் எடுப்போம். அடிப்படுக்கையைக் கலைக்க மாட்டோம், மேல மேல புதுசு போடுவோம். குதிரைக்குக் கதகதப்பா இருக்கும், முட்டி அடிபடாது. குளிர்காலம் முடிஞ்சுதான் மொத்தமா வாரிக் கொட்டுவோம். எங்கப்பா அப்படித்தான் செஞ்சார். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யறான்."

ரோவெனா மண்டியிட்டபடியே சிரித்தாள். டெஸ்ஸும் ஜோடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு, மறைக்கவும் தெரியவில்லை. மருந்து எங்கே போகிறது என்று இருபத்துநாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளே, இதோ போகிற இடம்! வாய் வழியாகப் போனது மூத்திரத்தில் வந்து, வைக்கோலில் தங்கி, மறுபடி வாய் வழியாக உள்ளே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் உடைகிறது. அதனால்தான் அத்தனை சாம்பல்.

அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

அவளுடைய எட்டு நாளைத் தந்த குதிரைகள் ஆறு. அவற்றை அவள் ரப்பர் தரையில் நிறுத்தியிருந்தாள். தினம் இரண்டு தடவை குழாய்த் தண்ணீரால் கழுவச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை, கட்டுரையில் ஒரு முழுப் பத்தியே எழுதியிருந்தாள். பன்னிரண்டு வருடம் வைக்கோலில் புரண்ட வைத்தியச்சிக்கு, ரேஸ் குதிரை வைக்கோலில்தான் நிற்கிறது என்பது தெரியாதா? தெரியும். ஆராய்ச்சி செய்ய வந்ததும் மறந்துபோயிற்று.

நினைத்தது நிஜமா என்று பார்க்காமல் அவளால் வாய் திறக்க முடியாது. மையத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த கிழட்டுப் பெட்டைக் குதிரைகள் ஆறு இருந்தன. அனுமதிக் குழுவின் கையெழுத்துக்கு இரண்டு நாள் நடையாக நடந்தாள். மூன்று குதிரைகளை ரப்பரில் நிறுத்தினாள், மூன்றை வைக்கோலில். டெஸ் வாரக்கணக்கில் ஊறவைத்த படுக்கையைச் சில நாளில் எப்படி உண்டாக்குவது? டெஸ்ஸே ஒரு வண்டி நிறையத் தன் பழைய அடிப்படுக்கையை, மருந்தே வாங்காத குதிரைகளின் அறையிலிருந்து, ஏற்றிக்கொண்டு வந்தார்.

ரோவெனா வைக்கோல் பரப்புவதைச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"இது படுக்கையா, பறவைக் கூடா? தள்ளுங்க டாக்டரம்மா. இதுல கோழிகூடப் படுக்காது."

"நான் குதிரை வைத்தியம் பார்த்தவ, டெஸ்."

"வைத்தியம் பார்த்தீங்க. படுக்கை யார் போட்டா? என்னை மாதிரி எவனாவது போட்டிருப்பான்."

உண்மைதான். அவள் முள்கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் சுவரோரம் உயர்த்தி, நடுவில் தாழ்த்தி, மூலையில் புல் வலையைக் கட்டி முடித்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இது சரியா வரலைன்னா?"

"வரலைன்னா என் கடிதம் அப்படியே நிக்கும்."

"ம்." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நல்லவேளை, பொய் சொல்லி ஆறுதல் படுத்தல."

ஐந்து நாள் பசை கொடுத்தாள். பிறகு பதினோரு நாள் காத்தாள். தினம் மையத்துக் கொட்டடியில் ஒரு மூத்த பேராசிரியை குடுவையைப் பிடித்துக்கொண்டு சீழ்க்கை அடிப்பதை மாணவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பதினோராவது நாள் மூத்திரத்தின் முடிவு வந்தது. ரப்பரில் நின்ற மூன்றிலும் ஒன்றுமில்லை. வைக்கோலில் நின்ற மூன்றில் இரண்டு அளவைத் தாண்டியிருந்தன, சாம்பல் மலையோடு. மூன்றாவது ஒரு பிகு பிடித்த கிழவி, ஈர வைக்கோலை முகர்ந்தும் பார்க்காது. அது சுத்தமாக இருந்தது.

டெஸ் தப்பித்தார். அது நிச்சயமாகிவிட்டது. ஸ்பட் வழக்கத்துக்கு மாறான குதிரை, படுக்கையைத் தின்கிற கெட்ட பழக்கம் உள்ளது, ஆகவே இந்த ஒரு வழக்கில் மட்டும் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினால் போதும். டெஸ்ஸுக்கு வீடு, அவளுக்கு எட்டு நாள். இரண்டும் பிழைக்கும். அப்படியே எழுத ஆரம்பித்தாள். 'வழக்கத்துக்கு மாறான' என்று தட்டச்சு செய்ததும் விரல் நின்றது. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜோடிக்குப் போன் செய்தாள். "எத்தனை குதிரை இப்படிப் படுக்கையைத் தின்னும்?"

"எது தின்னாது?" என்றாள் ஜோடி. "எங்க ஆறுல நாலு தின்னும். பக்கத்து லாயத்துல ஒண்ணு இருக்கு, வலையைத் தொடவே தொடாது, படுக்கையை மட்டும்தான் தின்னும். ஏன், உங்களுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியுமே?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு இரும்பு அலமாரியைத் திறந்தாள். மஞ்சள் பசை சம்பந்தமாக விசாரணைக் குழுவுக்கு அவள் எழுதிய கடிதங்கள் ஒரே ஃபைலில் இருந்தன. டெஸ்ஸுடையதைச் சேர்க்காமல் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பரிசோதனை அறிக்கை. இந்தத் தடவை இரண்டாவது வரியை மட்டும் பார்த்தாள். ஐந்து பேர் நிஜமாகவே கடைசி நேரத்தில் கொடுத்தவர்கள், விறகு நிறைய, சாம்பல் கொஞ்சம். நான்கில் சாம்பல் மலையாக இருந்தது.

அந்த நால்வரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தட்டச்சு செய்திருந்ததை அழித்தாள்.

விசாரணை ரேஸ் மைதானத்து மாடி அறையில் நடந்தது. தலைவர் லாசெல்ஸ், மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசாதவர். டெஸ் கழுத்து டையைச் சரிசெய்தபடி, ஜோடியின் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் ட்ரெலோர், உங்க கடிதத்துல நீங்க சொன்னதுக்கு மாறா ஏதாவது சொல்லப் போறீங்களா?"

"ஆமா. அது தப்பு." ஆறு குதிரைகளைப் பற்றியும், வைக்கோலைப் பற்றியும், சாம்பலைப் பற்றியும் சொன்னாள். லாசெல்ஸ் குறித்துக்கொண்டார்.

"அப்ப இந்தக் குதிரை ஒரு விதிவிலக்குன்னு எடுத்துக்கலாமா?"

எவ்வளவு வசதியான கேள்வி! தலையை ஆட்டினால் போதும். ரோவெனா ஆட்டவில்லை.

"இல்ல. எட்டு நாள் கணக்கைத் தந்த என்னோட பழைய ஆறு குதிரைங்கதான் விதிவிலக்கு. தினம் ரெண்டு தடவை கழுவின ரப்பர் தரையில நிக்கற குதிரைக்கு எட்டு நாள் சரி. அப்படி ஒரு ரேஸ் குதிரை இந்த மாவட்டத்துல இல்ல. அட்டையிலிருந்து அந்த வரியை எடுக்கணும்." ஃபைலை மேஜையில் வைத்தாள். "இதுல நாலு பேர் இருக்காங்க. நான் எழுதினதை வெச்சுத் தடை போட்டீங்க. அவங்க சொன்னது உண்மையா இருந்திருக்கணும். நாலு வழக்கையும் மறுபடி திறக்கணும்."

லாசெல்ஸ் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

விதி விதிதான். மருந்தோடு ஓடிய குதிரை ஜெயித்ததாகாது, கோப்பை இரண்டாவது குதிரைக்குப் போயிற்று. ஆனால் டெஸ் வேண்டுமென்று கொடுக்கவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். தடை இல்லை. லைசென்ஸ் தப்பியது, வீடும் தப்பியது. ஜோடி அப்பாவின் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு அழுதாள். டெஸ் மாடிப்படியில் ரோவெனாவை நிறுத்தினார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள்.

"அந்த நாலு பேர்ல மெர்வ் ஹாட்ரிக் உண்டா?"

"உண்டு."

"தபால்ல சொல்லிடாதீங்க டாக்டரம்மா. நேர்ல போங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் மதியம் ரோவெனா நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு டல்லோங் போய்ச் சேர்ந்தாள். மெர்வ் ஹாட்ரிக் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். முற்றத்தில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் வயது, தோள் கூன் விழுந்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் குழாயை நிறுத்தவில்லை. அவள் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் எழுதிய கடிதம் தப்பு என்று சொன்னபோது அவர் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வைக்கோல் விஷயத்துக்கு வந்தபோது குழாயை மூடினார்.

"அப்ப யாருமே கொடுக்கலையா?"

"யாருமே கொடுக்கல, மெர்வ்."

அவர் பஸ் படியில் உட்கார்ந்தார்.

"லாயத்துக்குச் சாவி ரெண்டே ரெண்டு இருந்துச்சு டாக்டர். ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு என் தம்பி ரஸ்கிட்ட. நான் கொடுக்கலைன்னு எனக்குத் தெரியும். யாரோ கொடுத்திருக்காங்கன்னு நீங்க எழுதியிருந்தீங்க. நீங்க படிச்சவங்க. குதிரையைப் பத்தி எங்களைவிடத் தெரிஞ்சவங்க. கொடுக்கலைன்னு அவன் சத்தியம் பண்ணினான். அழுதான். என் மூஞ்சியில முழிக்காதடான்னு வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன். அம்மா அடக்கத்துல குழிக்கு அந்தப் பக்கம் அவன் நின்னான், இந்தப் பக்கம் நான். ஒரு வார்த்தை பேசல. ஆறு வருஷம்."

ரோவெனா லைசென்ஸையும் வீட்டையும் பற்றி மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் காரில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தாள். இதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. நின்ற இடத்திலேயே கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

மெர்வ் தன் போனை எடுத்து, ஒரு எண்ணைத் தேடி, அவளிடம் நீட்டினார்.

"நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். உங்க போன்லேர்ந்து கூப்பிடுங்க. நீங்களே சொல்லுங்க."

அவள் எண்களைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். ஒரு தடவை தப்பாகி, மறுபடி அழுத்தினாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு முரட்டுக் குரல்.

"ரஸ், என் பேர் ரோவெனா ட்ரெலோர். குதிரைக்கு யாரோ மருந்து கொடுத்தாங்கன்னு எழுதினவ நான்தான். நீங்க கொடுக்கல. யாருமே கொடுக்கல. நான் எழுதினது தப்பு."

மெர்வ் படியிலிருந்து எழுந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த முட்டாப்பய பக்கத்துல இருக்கானா?" என்று ரஸ் கேட்டார்.

"இருக்கார்."

மெர்வ் ஈரக் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். "டேய்... டேய், ரஸ்..." என்பதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.